மன அழுத்தம் பற்றி நான் எடுத்த ஒரே வகுப்பு

கூட்டங்களில் தூங்குகிறவர்கள் பலரை எனக்குத் தெரியும். என் மாமனார் தூங்காத கூட்டமே கிடையாது. ஆனால் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்த ஆளே தூங்கிவிட்ட கூட்டம், எனக்குத் தெரிந்து, ஒன்றுதான். அந்த ஆள் நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஐந்து மாதம். குடியிருந்தது ஆவடி சேக்காட்டில். வேலை திருமழிசைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில், சமூக அறிவியல் ஆசிரியை. சேர்ந்து ஒரு வருடம் முடிய இரண்டு வாரம்தான் பாக்கி. முடிந்ததும் பணி உறுதிக் கடிதம் தருவார்கள், அல்லது நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். இரண்டுமே ஒரே மாதிரி உறையில்தான் வரும் என்று ஷகிலா சொல்லியிருந்தாள் (கணக்கு டீச்சர், என் பஸ் தோழி, ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாதவள்).

பள்ளியின் கால அட்டவணைக்குப் பொறுப்பு கோபிநாத் சார். ஆசிரியர் அறைச் சுவரில் கலர் கலராக ஒட்டியிருந்தது வெறும் அழகுக்கு. உண்மையான அட்டவணை தினமும் காலை ஏழேகாலுக்கு வாட்ஸ்அப்பில் வரும். யார் லீவோ, அவருடைய வகுப்பு இன்னொருவர் தலையில் விழும். பெரும்பாலும் என் தலையில். பணி உறுதியாகாத தலை எதற்கும் ஆடும் அல்லவா?

அந்த வாரம் மட்டும் நான் இந்தி எடுத்தேன் (எனக்கு இந்தியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது, பிள்ளைகளை எழுதச் சொல்லி எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன்). வேதியியல் லேபில் நாற்பது நிமிடம் "தொடாதே, தொடாதே" என்று மட்டும் பாடம் நடத்தினேன். ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போவதற்காகக் கட்டிவந்த பட்டுப்புடவையோடு மைதானத்தில் எட்டாம் வகுப்புக்கு பி.டி. பீரியட் எடுத்தேன். எது வந்தாலும் சமாளிக்க ஐந்து பாடப்புத்தகங்களையும் ஒரு விசிலையும் எப்போதும் பையில் சுமந்தேன். அதில் இடது தோள் கொஞ்சம் இறங்கியது. தூக்கம் சுத்தமாகப் போயே போய்விட்டது. விடியற்காலை நாலு மணிக்கே விழித்து, ஏழேகால் வரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"இப்படி அடைகாத்தா அது குஞ்சு பொரிக்கப் போவுதா?" என்பார் என் கணவர் சரவணன்.

சனிக்கிழமை வந்தது. அன்று வகுப்பு இல்லை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி மட்டும். வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்து பேசுவார். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்வது என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். பூந்தமல்லி போகும் பஸ்ஸில் ஷகிலாவும் நானும் ஏறி உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"தேன்மொழி மிஸ், அந்த நிபுணர் வரலை. அவருக்கு வேற ஊர்ல திடீர்னு புரோகிராம் மாத்திட்டாங்களாம். நீங்க எடுத்துடுங்க. ஒன்பதரைக்கு" என்றார் கோபிநாத் சார்.

"என்ன தலைப்பு சார்?"

"திடீர் அட்டவணை மாற்றங்களால வர்ற மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி."

அவர் குரலில் ஒரு சிரிப்பாவது இருக்குமா என்று காத்திருந்தேன். இல்லை.

"சார், நான் சோஷியல் சயின்ஸ்."

"இதுவும் மனுஷங்க சம்பந்தப்பட்டதுதானே மிஸ்? ஒன்றரை மணி நேரம்தான். தாளாளர் சார் வர்றார், நல்லா பண்ணுங்க." வைத்துவிட்டார்.

அந்தத் தாளாளர்தான் என் உறையில் எந்தக் கடிதம் போவது என்று முடிவு செய்கிறவர். மிச்ச வழி முழுக்க போனில் மன அழுத்தத்தைத் தேடினேன். பஸ்ஸில் பாட்டு அலறியதால் எந்த வீடியோவும் காதில் விழவில்லை. ஒரு அம்மாள் கண்ணை மூடி மூச்சு விடுவது மட்டும் தெரிந்தது. நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டேன். என் மொத்தத் தயாரிப்பும் அந்த டிக்கெட்டில் அடங்கியது.

கூடத்தில் நாற்பத்திரண்டு ஆசிரியர்கள். முதல் வரிசையில் கோபிநாத் சார். தாளாளர் என்னை வாழ்த்திவிட்டு, புதுக் கட்டட வேலையைப் பார்த்துவிட்டு வருவதாகப் போனார். நான் பேச ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது, தெரியாதது, பாதி தெரிந்தது எல்லாவற்றையும் சேர்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசினேன். கடிகாரத்தைப் பார்த்தால் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

"எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. மூச்சை மெதுவா உள்ள இழுங்க" என்றேன்.

நாற்பத்திரண்டு ஜோடிக் கண்களும் மூடின. இவ்வளவு கீழ்ப்படிதலை அந்தப் பள்ளியில் நான் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. இனி அமைதியான ஏதாவது காட்சியை வர்ணிக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்பதாம் வகுப்புப் புவியியல்தான். அதையே மெதுவாகச் சொன்னேன்.

"காத்து வருது... தென்மேற்குப் பருவக்காற்று... கடல்லேர்ந்து ஈரத்தோட வருது... கேரளத்தைத் தொடுது... மேற்குத் தொடர்ச்சி மலையில மோதுது... மேல எழும்புது... குளிருது..."

நான் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருப்பது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. நாற்காலியில் உட்கார்ந்தேன். மூடினேன். தலைக்கு மேலே மின்விசிறி. உண்மையிலேயே குளிர்ந்தது.

அடுத்து நான் கேட்டது ஆயாம்மா முனியம்மாவின் குரல்.

"இன்னா டீச்சரம்மா இது? அல்லாரும் ஒண்ணா தூங்கிகினு கீறீங்க! டீ ஆறிப்போவுதும்மா!"

கண்ணைத் திறந்தேன். முனியம்மா டீ கேனோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தாளாளர். எனக்கு முன்னால் கூடம் முழுக்க சாய்ந்தும் சரிந்தும் கிடந்தது. கோபிநாத் சார் அண்ணாந்து வாயைத் திறந்திருந்தார். டீ வருவது பத்தரைக்கு. அப்படியானால் முக்கால் மணி நேரம்.

பதறி எழுந்த நான், தாளாளரைப் பார்த்து மைக்கில் சொன்னேன்: "குட் மார்னிங், சிட் டவுன்!"

அவர் உட்கார்ந்துவிட்டார். என் சத்தத்தில் விழித்த இயற்பியல் சார், கண்ணைத் திறக்காமலே "சைலன்ஸ்!" என்று மேசையைத் தட்டினார். அதில் மற்ற எல்லாரும் விழித்துக்கொண்டார்கள்.

தாளாளர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இது என்ன பயிற்சிம்மா?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. மூளை இன்னும் எழுந்திருக்கவில்லை. "தூக்கம் சார்" என்றேன்.

"இவங்களுக்கு எப்ப சொன்னீங்க?" என்று கோபிநாத் சாரிடம் திரும்பினார்.

"காலையில சார்."

"இந்த வாரம் இவங்க எத்தனை பீரியட் கூடுதலா எடுத்தாங்க?"

கோபிநாத் சார் போனைத் தடவினார். பின்னாலிருந்து ஷகிலா எழுந்தாள். "பதினொண்ணு சார். எனக்கு ஒன்பது."

"எனக்கு எட்டு" என்றார் தமிழய்யா. "ஏழு சார், அதுல ரெண்டு யோகா" என்றார் கணினி டீச்சர். ஏலம் மாதிரி ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு எண் எழுந்தது. அத்தனை நாள் நான் மட்டும்தான் சமாளிக்கத் தெரியாதவள் என்று நினைத்திருந்தேனே, அந்த நினைப்பு அந்த நிமிடத்தில் போனது.

தாளாளர் டீயை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை இரண்டு சுற்றறிக்கைகள் வந்தன. மாற்றங்களை முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்று. (ஒரு மாதம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஆறு ஏழாகி, ஏழு எட்டாகி, மறுபடி விடிந்துவிட்டது.) பயிற்சி நேரத்தில் ஆசிரியர்கள் கண்ணை மூடக் கூடாது என்பது இன்னொன்று. என் கடிதம் மூன்று மாதம் தள்ளி வந்தது. உறையைச் சரவணனிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். உறுதிதான்.

எல்லாம் இதோடு முடிந்திருக்கும். ஆனால் நான் நன்றாகப் பேசுவேன் என்று நம்பி, ஷகிலா முழு அமர்வையும் போனில் பதிவு செய்திருந்தாள். அதைச் சரவணனுக்கும் அனுப்பிவிட்டாள். பருவக்காற்று குளிர்ந்ததும் கொஞ்சம் அமைதி; பிறகு மைக்கில் என் குறட்டை, தெளிவாக, ஏற்ற இறக்கத்தோடு. வீட்டுக்கு வந்த விருந்தாளி யாரும் அதைக் கேட்காமல் போனதில்லை. மகள் பிறந்த பிறகு அவளை மத்தியானம் தூங்கவைக்கச் சரவணன் அதையே போடுவார். கேரளத்தைத் தொடுவதற்குள் தூங்கிவிடுவாள்.

இந்த ஜூனில் அவளை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். முதல் வாரமே அவளுடைய மிஸ் என்னைக் கூப்பிட்டார். வகுப்பில் ஆளுக்கொரு பாட்டுச் சொல்லச் சொன்னாராம். இவள் எழுந்து நின்று, கண்ணை மூடி, மலையில் மோதி, குளிர்ந்து, கடைசியில் ஒரு நிமிடம் குறட்டையும் விட்டுவிட்டு உட்கார்ந்தாளாம்.

"ரொம்ப நல்லாச் சொன்னா மேடம். எந்த ரைம்ஸ் புக்ல இருக்கு?" என்று கேட்டார்.

"ஒன்பதாம் வகுப்புப் புவியியல்" என்றேன்.