கடைசிப் பாட்டுக்கு ஓர் அலறல்

மாலை நாலு இருபது. செடெனாக் ஊரைத் தாண்டிய செம்பனைத் தோட்டத்தில், ரூபேந்திரனின் பழைய காருக்குப் பக்கத்தில் நின்று யுகேந்திரன் அலறினான்.

தொண்டையில் முள் சிக்கியவன் இருமுவதுபோல் வந்தது.

சட்டைப் பையில் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. உறுமியும் மின்கிதாரும் சேர்ந்த மெட்டல் ஆல்பம். கடைசிப் பாட்டின் முடிவில் ஓர் அலறல் வேண்டும். பாட்டு யுகேந்திரனுடையது, இரண்டு வருட உழைப்பு. உலு திராம் ஊரிலுள்ள தன் வீட்டில் பதினோரு தடவை கத்திப் பார்த்தான். பக்கத்து வீட்டு டொரத்தி அக்கா சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததுதான் மிச்சம்.

"ஒன் குரல்ல பயமே இல்லடா," என்றிருந்தான் இசைக்குழுத் தலைவன் ரூபேந்திரன். "தோட்டத்துக்குப் போ. பதினாலாம் பிளாக். என் காரை எடுத்துக்க. ரெக்கார்டரை மட்டும் ஆஃப் பண்ணாத. இன்னிக்கு வரலன்னா நாளைக்குக் கவின் பாடுவான் லா."

கவின். உறுமிக்கும் உருளும் தகர டின்னுக்கும் வித்தியாசம் தெரியாதவன்.

யுகேந்திரனுக்குப் பயம் தெரியாமல் இல்லை. முகமூடிக் கொலைகாரன் வரும் படங்களை நானூறுக்கு மேல் பார்த்தவன். அவற்றைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவன். நல்ல ஆல்பமும் நல்ல கொலைப்படமும் ஒன்று, அமைதியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பான். அந்தப் படங்களில் சாகிறவர்கள் முட்டாள்தனத்தால்தான் சாகிறார்கள் என்பது அவன் கட்சி.

தோட்டம் அமைதியாக இருந்தது.

எங்கோ காய்ந்த மட்டை ஒன்று மிதிபட்டது.

"யாரு அது?" என்றான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்படிக் கேட்கிறவன்தான் முதலில் சாவான் என்று போன வாரம்தான் எழுதியிருந்தான்.

மரங்களுக்கு நடுவே ஓர் ஆள் வந்தார். ரப்பர் பூட்ஸ். கண்ணைத் தவிர முகம் முழுக்கத் துண்டு. தோளில் நீண்ட கம்பு. அதன் முனையில் அரிவாள்.

குலை வெட்டுகிறவர் என்று யுகேந்திரன் தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனால் அந்த ஆள் ஒரு குலையையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனையே பார்த்து நடந்தார்.

"அங்கிள், நான் சும்மா ஒரு பாட்டுக்குத்தான்..."

நடை நிற்கவில்லை. அவசரமும் இல்லை. ஓடாமல் நடந்து வருகிறவனிடமிருந்து எவனும் தப்பியதில்லை. அதையும் எழுதியிருந்தான்.

காருக்குள் பாய்ந்தான். சாவி நழுவி இருக்கைக்கு அடியில் விழுந்தது. சாவி விழும் காட்சிக்கு அவன் எப்போதும் சிரிப்பான். தேடியெடுத்துத் திருகினான். கார் அவனைப் போலவே இருமிவிட்டு அடங்கியது. கண்ணாடியை ஏற்றினான். அது பாதிக்கு மேல் வர மறுத்தது.

ரூபேந்திரனை அழைத்தான். லைன் பிஸி. மறுபடி அழைத்தான். பிஸி.

பின்பக்கம் தாவி, குழுவின் கறுப்புப் பதாகையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் படுத்தான். காரின் பின்பக்கத்தில் மட்டும் ஒளியவே கூடாது. அதற்குத் தனிக் கட்டுரையே போட்டிருந்தான்.

பூட்ஸ் சத்தம் நின்றது. கதவு திறந்தது. இரும்பு எதிலோ உரசியது. பதாகை மெல்ல மேலே எழுந்தது. அதைத் தூக்கியது அரிவாளின் முனை.

யுகேந்திரன் அலறினான். அடிவயிற்றிலிருந்து புறப்பட்ட அலறல். பதினாலாம் பிளாக்கின் பறவைகள் அத்தனையும் எழுந்தன. அது முடிய வெகு நேரமானது.

"பயப்படாதீங்க தம்பி. எம்பேரு அய்யாவு." அவர் துண்டை இறக்கினார். நரைத்த மீசை, சாதுவான முகம். அவன் சட்டைப் பையில் எரிந்த சிவப்புப் புள்ளியைக் குனிந்து பார்த்துத் திருப்தியானார். பிறகு தன் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தார். அழைப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"ரூபேந்திரன் தம்பி, கேட்டுச்சா? இது போதுமா, இல்ல ஓட விட்டு இன்னொன்னு எடுக்கவா?"