ரீச்சரின் நீலப்பூப் பீங்கான்

யாராவது வீட்டுச் சாமான்களை மலிவாக விற்றால், எனக்குள் இருக்கிற நல்ல மனிதன் உடனே வெளியூர் போய்விடுவான். (அவன் ஊரில் இருக்கிற நாட்களே குறைவு என்பாள் என் மனைவி பரீதா.)

திருகோணமலையில் எங்கள் ஒழுங்கைக் கோடியில் கடைசி வீட்டில் இருந்த பள்ளிக்கூட ரீச்சர், கனடாவில் மகனோடு போய் இருக்க ஆயத்தமானார். கூட்டிப்போக வந்த மகன் வீட்டுச் சாமான்களை வளவுக்குள் பரப்பி விற்பதாகக் கேள்விப்பட்டேன். பழம்பொருள் பற்றிய யூடியூப் காணொளிகளைப் பார்த்துத் தள்ளி, என்னை நானே நிபுணன் என்று நம்பியிருந்த காலம் அது. தெரிந்த முகமென்றால் பேரம் பேசக் கூச்சமாக இருக்கும் என்று, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போனேன். ரீச்சர் கோயிலுக்குப் போயிருந்தார்.

பிளாஸ்டிக் வாளிகளுக்கு நடுவே ஒரு பெரிய நீலப்பூப் பீங்கான் தட்டு கிடந்தது. ஒல்லாந்தர் காலத்துச் சாமான்! மகன் கேட்டதோ ஒரு கொத்து ரொட்டியின் விலை. பேசாமல் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். நானோ, "ஓரத்தில வெடிப்புக் கிடக்கு தம்பி" என்று அதிலும் பாதியைக் குறைத்தேன். (அந்த வெடிப்புத்தான் பழமைக்குச் சாட்சி என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.) விலை சொன்னது அவன், வாங்கியது நான், இதில் என்ன பாவம் என்று வீடு வந்து சேரும்வரை எனக்காக நானே வழக்காடினேன்.

பரீதாவிடம், "சும்மா ஒரு பழைய பீங்கான்" என்று சொல்லி, குசினியில் சாமான் அடுக்கும் இறாக்கையில் மற்றப் பீங்கான்களுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பெருநாள் முடிந்ததும் கொழும்புக்குக் கொண்டுபோய் நல்ல விலைக்கு விற்பதாகத் திட்டம்.

பெருநாள் தொழுகை முடிந்து வந்தால், பீங்கானைக் காணோம்.

"ரீச்சர் போகப்போறாவே, அதில வட்டிலப்பமும் பலகாரமும் வெச்சுக் குடுத்திட்டு வந்தன். பழசுதானே, திரும்பி வராட்டியும் பரவாயில்ல" என்றாள் பரீதா.

புதுச் சாரன் காலைத் தடுக்கத் தடுக்க ஓடினேன். என்னவோ ஏதோ என்று பரீதாவும் பின்னால் ஓடி வந்தாள். ரீச்சர் அந்தப் பீங்கானை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தார்.

"தம்பி! இது என்ட அம்மாட பீங்கான். இவன் தெரியாம வித்துப்போட்டான். ஹெல்மெட் போட்ட ஒரு கள்ளன் அரை விலைக்குக் கொண்டு போனானாம். எனக்கு ஒழுங்கா நித்திரையே இல்ல. நீங்கள் எங்க தேடிப் பிடிச்சனீங்கள்?"

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா?

"கள்ளன் எண்டு சொல்லாதீங்க ரீச்சர். நல்ல மனிசன்தான்" என்றேன்.

குரலைக் கேட்டதும் மகன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். பரீதாவும் பார்த்தாள். ரீச்சர் மட்டும் என் தலையில் கைவைத்து, நல்லா இருக்க வேணும் என்று வாழ்த்தினார். என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை. ஆனாலும் அவர் அந்த வெடிப்பை விரலால் தடவித் தடவிப் பார்த்தபோது, அது அவரிடமே திரும்பியதில் எனக்கு மெய்யாகவே சந்தோசம்.

கனடா போன ரீச்சர் சொந்தக்காரர் எல்லோரிடமும் என் நேர்மையைப் பரப்பிவிட்டார். இப்போது அவர்களில் யார் இங்கே வீட்டுச் சாமான் விற்றாலும், விலை கேட்டு எனக்குத்தான் அழைப்பு வருகிறது. பரீதா பக்கத்தில் நின்று கேட்பதால், உள்ள விலையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில் சாவியோ கத்தரிக்கோலோ தொலைந்தால் என் மகள் இன்றும் சொல்வாள்:

"வாப்பா எப்படியும் தேடித் தருவார் உம்மா. ஆனா முதல்ல வாப்பாட அலுமாரியைப் பாருங்க."