நறுக்கு காக்காவின் சிவப்பு முள்ளங்கி

முள்ளங்கியைக் காதால் விற்ற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான்: கற்பிட்டியில் எல்லோரும் அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடும் நறுக்கு காக்கா. வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் இருக்கும். குறிஞ்சிப்பிட்டி மணல் தோட்டத்தில் விடியவே பிடுங்கிய சிவப்பு முள்ளங்கியை, ஈரம் காயுமுன் சைக்கிள் பெட்டியில் கொண்டுவருவார். காக்காவின் வாயில் ஒரு பல்லும் கிடையாது. ஆகவே வாங்குகிறவர்தான் கடிக்க வேண்டும். அவர் நம் கன்னத்தருகே காதை வைத்துக் கேட்பார். நறுக்கென்று கேட்டால்தான் வியாபாரம். இல்லாவிட்டால் முழுக் கட்டும் ஆட்டுக்கு. ஒருமுறை பள்ளிக்கூட அதிபரையே தெருவில் நிறுத்திக் கடிக்க வைத்தார். அதிபரின் பொய்ப்பல் முள்ளங்கியோடு வெளியே வந்துவிட்டது. முள்ளங்கியில் குற்றமில்லை என்று காக்கா தீர்ப்புச் சொன்னார்.

கிழங்கைவிட இலையில்தான் சத்துக் கூட, தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டுங்கள் என்பார். இலையைக் கிள்ளி எறிபவர்களுக்கு மறுநாள் முள்ளங்கி இல்லை.

அந்த வருடம்தான் என் மகளுக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் விட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தும் பிள்ளை சோற்றைத் தொடவில்லை. நாலு நாளாக வெறும் கஞ்சித் தண்ணீர். சிவப்பாக எதைக் கண்டாலும் இரத்தம் ஊறும் என்று வாங்க ஓடிக்கொண்டிருந்த நான், காக்காவை மறித்து முழுப் பெட்டியையும் கேட்டேன்.

"தோல்தான் தங்கச்சி சிவப்பு, உள்ளுக்கு வெள்ளை. இதால ரத்தம் ஊறாது. டொக்டர் சொன்னதக் குடுங்க. ஆனா வாய்க் கசப்புக்கு நல்லம், விற்றமின் சி இரிக்கி. புள்ள எங்க?"

உள்ளே வந்து கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டார்.

"மகள், எனக்குப் பல்லில்ல. தெருவில ராத்தாமார் முள்ளங்கி வாங்கக் காத்து நிக்கிறாங்க. ஒருக்காக் கடிச்சுத் தாங்க."

"உம்மாவக் கடிக்கச் சொல்லுங்க."

"உங்கட உம்மா அழுதழுது கடிப்பாங்க. எனக்குச் சத்தம் கேக்காது."

மகள் சிரித்துவிட்டாள். பிறகு கடித்தாள். அந்த நறுக் வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

காக்கா காதைத் தேய்த்தார். "சரியாக் கேக்கல்ல. இன்னொண்டு."

ஐந்தாவது முள்ளங்கியிலும் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு மகள் கேட்டாள்: "உம்மா, சோறு இரிக்கா?"

நான் குசினிக்குப் பறந்தேன். முள்ளங்கியைச் சீவி, வெங்காயம், பச்சைமிளகாய், மாசிக் கருவாடு, தேசிக்காய்ப் புளி எல்லாம் சேர்த்து ஒரு சம்பல். கூடவே பருப்பும் சோறும். பிள்ளை பீங்கானை வழித்து முடிக்கும்வரை காக்கா கதிரையை விட்டு அசையவில்லை. வெளியே வெயிலில் பெட்டி முழுவதும் வாடிப்போனது. அன்று தெருவில் ஒருவருக்கும் முள்ளங்கி இல்லை. ராத்தாமார் எல்லோரும் சேர்ந்து என்னை ஏசினார்கள்.

அந்த மனிதருக்காக இன்னும் எத்தனை ஏச்சானாலும் வாங்குவேன்.