ஹால்வர்சன் வீட்டுக் குழாயடிச் சண்டை

கனடாவின் மூஸ் ஜா நகரில் ஆர்வில் ஹால்வர்சன் வீட்டில் குழாயடிச் சண்டை. சண்டைக்கு வந்தது குழாய்தான். நிலவறையில் வாஷிங் மெஷின் தண்ணீரை நிறுத்தும் ஒவ்வொரு முறையும், சுவருக்குள் யாரோ சம்மட்டியால் போடுவதுபோல் ‘டமார்’ என்று ஒரு சத்தம். ஒவ்வொரு அடியும் தன் மண்டையிலேயே விழுவதாக ஆர்விலுக்கு ஆத்திரம்.

பிளம்பருக்கு ஃபோன் செய்தார். அவன் வீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “வேகமா வர்ற தண்ணி சட்டுனு நின்னா குழாய் குதிக்கும். குழாயைச் சுவரோட பிடிச்சிருக்கிற கிளாம்ப் எங்கேயோ கழண்டிருக்கும், முறுக்கி விடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஆர்விலுக்கு ரத்தம் கொதித்தது.

“முப்பத்திரண்டு வருஷம் தானியக் கிடங்கைக் கட்டி மேய்ச்சவன் நான். எனக்கு ஃபோன்லயே வைத்தியம் சொல்றான். கிளாம்பாம் கிளாம்ப். இந்தக் குழாயை நானே ஒரு வழி பண்றேன், பாரு.”

“பண்ணு” என்றாள் மனைவி கிளாரிஸ். “ஆனா மெஷின் ஓடினாத்தானே சத்தம் வரும். நீயே பக்கத்துல நின்னு ஓட்டு.”

“அது எனக்குத் தெரியாதா?”

“வெறும் மெஷின்ல ஒண்ணும் தெரியாது. துணி போட்டுப் பாரு.”

போட்டார். டமார்.

“வெந்நீர்ல எப்படி அடிக்குது?” படிக்கட்டின் மேலிருந்து குரல் வந்தது.

படுக்கை விரிப்புகளைப் போட்டார். டமார்.

“கம்பளிக்கு மெதுவா ஓட்டணும். அதையும் பாத்துடேன்.”

குழாய்க்குள் காற்றுதான் குற்றவாளி என்று ஒரு நாள் தீர்மானித்து, வீட்டுத் தண்ணீரை முழுக்க வடித்து மறுபடி நிரப்பினார். கிளாரிஸின் குளிர்கால மேலங்கிகளை உள்ளே தள்ளிப் பரிசோதித்தார். டமார். நகரசபையைத் திட்டினார். மெஷின் செய்த கம்பெனியைத் திட்டினார். திட்டிக்கொண்டே துணிகளை மடித்து வைத்தார்.

“எதுவரைக்கும் வந்திருக்கு?” என்று கேட்டாள் கிளாரிஸ்.

“பிரச்சினையை அலசிக்கிட்டிருக்கேன்.”

“ரெண்டு தரம் அலசு. போன தடவை சோப்பு போகலை.”

மூன்றாவது வாரம், மெஷினுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்த அழுக்குத் துணி மலை கரைந்து, பின்னாலிருந்த சுவர் தெரிந்தது. அங்கே ஒரு கிளாம்ப் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. அதன் ஸ்க்ரூ ஜன்னல் விளிம்பில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

“வீடு கட்டின சோம்பேறி திருகாமலே போயிருக்கான்” என்று பல்லைக் கடித்தார் ஆர்வில். ஸ்க்ரூவை முறுக்கினார். கடைசியாக மிஞ்சிய துண்டுகளைப் போட்டு ஓட்டினார். தண்ணீர் நின்றது. ஒரு முனகல்கூட இல்லை. பிளம்பரிடம் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டு, வெற்றிச் செய்தி சொல்ல நெஞ்சை நிமிர்த்திப் படியேறினார்.

சமையலறையில் பக்கத்து வீட்டு நெட்டி, காப்பிக் கோப்பையோடு கிளாரிஸின் காதருகே குனிந்திருந்தாள்.

“அந்த ஸ்க்ரூவை எந்தப் பக்கமா திருப்பிக் கழட்டினே? எங்க வீட்டுலயும் துணி மலையாக் கிடக்குடி.”