நாலரைக்கு ஊத மறுக்கும் சங்கு

றொசல்ல,
1961 ஆனி 12.

கொழும்புக் கடிகாரப் பட்டறையில் இருக்கும் அன்புள்ள மச்சான் கந்தப்பனுக்கு, தங்கை புருஷன் சோலைமலை வணங்கி எழுதுவது. நீங்கள், அக்கா, பிள்ளைகள் எல்லாரும் சுகந்தானே? கொழும்பில் வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கிறதா? இங்கே ஏழு நாளாய் மழை விடவில்லை. நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரையில் ஒழுகாத இடம் ஒன்று உண்டு, அதன் கீழே ஆட்டைக் கட்டியிருக்கிறோம். மற்றபடி எல்லாரும் சுகம், அந்த மெசினைத் தவிர.

நீங்கள் வந்து எங்கள் தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மாட்டிவிட்டுப் போனீர்களே, தானாகச் சங்கு ஊதும் பெட்டி, அதைத்தான் சொல்கிறேன். முன்பு நான் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் இழுத்து ஊதினேன். பிந்தினால் ஏச்சு விழும், அதோடு சரி. இப்போது ஒரு தகர உருளை, அதைச் சுற்றி வரிசையாக ஓட்டை, கால் மணிக்கு ஓர் ஓட்டை. ஊத வேண்டிய நேரத்து ஓட்டையில் ஆணி குத்தினால் போதும், மெசின் சொன்னபடி கேட்கும் என்றீர்கள். சொன்னபடிதான் கேட்கிறது மச்சான், யார் சொன்னபடி என்றுதான் தெரியவில்லை.

வேலை விடும் சங்கு நாலரைக்கு. போன வாரத்திலிருந்து அது நாலு மணிக்கே ஊதுகிறது. பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி மலை இறங்குகிறார்கள். போய்ப் பார்த்தால் ஆணி இரண்டு ஓட்டை முன்னால் நிற்கிறது. காலையில் பிடுங்கிச் சரியாகக் குத்துகிறேன், சாயந்தரம் மறுபடி நாலு மணி. தேங்காய் எண்ணெய் விட்டேன், குங்குமம் வைத்தேன், நிறுத்திவிட்டு மறுபடி ஓட விட்டேன். பக்கத்துத் தோட்டத்திலும் இதே பெட்டிதான். அதைப் பார்த்துக்கொள்ளும் லோரன்ஸிடம் போய், ஆணிக்கு ஆணி நூலில் முடிச்சுப் போட்டு அளந்து வந்து அப்படியே குத்தினேன். "எங்க பெட்டி தங்கமா ஓடுதுண்ணே, கோளாறு ஒங்க கையிலதான்"கிறான்.

அதைவிடக் கொடுமை, தோட்டத்துத் தொரை கைக்கடிகாரத்தோடு வந்து நின்ற அன்றைக்கு மட்டும் சரியாக நாலரைக்கு ஊதிவிட்டது!

"சோலைமலை, மெசின் நல்லா இருக்கு. நீதான் குடிச்சிருக்கு."

"மாரியம்மன் சத்தியமா இல்லீங்க தொர!"

"இனி ஒரு நாள் நாலு மணிக்கு ஊதினா, நீ மம்பட்டி எடுத்து மலைக்கு போ."

என் முட்டி வாதம் ஒங்களுக்குத் தெரியும் மச்சான். நான் மம்பட்டியோட மலை ஏறுனா, எறங்குறது பாடையிலதான். அதனால கேக்குறேன்: ஆள் பாத்தா ஒழுங்கா ஓடி, ஆள் நகந்தா கெட்டுப்போற மெசினைக் கையும் களவுமா எப்படிப் புடிக்கிறது? நல்லா ஓடுன நாள்ல இருந்த மாதிரியே திரும்ப ஆக்க வழி இருக்கா? யாரும் தொடாம ஆணி நகருமா? ஒடனே பொறப்பட்டு வாங்க.

அம்மன் ஒங்க வீட்டுல வெளக்கு அணையாமப் பாத்துக்கட்டும். அக்காவுக்கு வணக்கம், புள்ளைங்களுக்கு ஆளுக்கொரு முத்தம்.

இப்படிக்கு,
சோலைமலை

பி.கு.: மேல எழுதுனதையெல்லாம் அடிச்சிருங்க. மெசின்ல ஒரு கோளாறும் இல்ல, கோளாறு ஒங்க தங்கச்சி. இன்னைக்கு மதியம் சோறு கொண்டாந்தா. கை கழுவப் போன நான் சொம்ப மறந்து திரும்பி வந்தா, மீனம்மா ஆணியப் புடுங்கி ரெண்டு ஓட்டை முன்னால குத்திக்கிட்டு நிக்கிறா! தொரை வந்த அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல், ஸ்டோர் பக்கமே வரல. "ஏண்டி, என் வேலை போயிரும்டி"ன்னேன். "அரை மணி முந்தி எறங்குனா நூத்திப் பத்துப் பொம்பளைங்க வெளிச்சத்துல ஒல வைப்போம். ஒங்க ஒரு முட்டிக்காக நாங்க எல்லாம் இருட்டுல சமைக்கணுமா?"ங்கிறா. சோத்தத் தின்னேன். ஆணியத் தொடல. அதனால நீங்க வராதீங்க. கம்பெனிக் காயிதத்துல, பனி எடத்துல இந்த மெசின் சாயங்காலம் அரை மணி முந்தித்தான் ஊதும், அது அதோட கொணம், கோளாறு இல்லேன்னு தொரைக்கு இங்கிலீசுல ஒண்ணு எழுதி... இருங்க, மீனம்மா கூப்பிடுறா. தொரை தந்தியடிச்சு வரவழைச்ச ஆளாம், ஜீப்புல வந்து எறங்குறாரு, கையில மெசின் பழுது பாக்குற ஆயுதப் பொட்டி, அச்சு அசல் ஒங்க ஜாடை, இவ "அண்ணே"ன்னு ஓடுறா, மச்சான், தொரைகிட்ட நீங்க வாயத் தொறக்குறதுக்கு முந்தி