சனிக்கிழமைக் குறை

வத்தலக்குண்டு பஸ் ஹாரன் அடித்துவிட்டது. சகாயராணி ரிக்கார்டு பிளேயரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் பெட்டிக்குப் பிடித்தபடி, மழையில் ஓடினாள்.

"கண்டக்டர் தம்பி, நில்லுங்க. இந்தப் பெட்டி மட்டும் போகணும்."

"பெட்டி கூட யாரு வர்றாக?"

"யாருமில்ல. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பரமானந்தம் ரேடியோ கடை இருக்கு. அவர் கையில குடுத்திருங்க. சனிக்கிழமை வெள்ளனே திரும்பி வந்தாகணும்."

"உள்ள என்ன, ஆட்டுக்குட்டியா? இப்படி அணைச்சுக்கிட்டு வர்றீக."

"பாட்டுப் பெட்டி. ஆட்டுனா ஊசி போயிரும்."

கண்டக்டர் பெட்டியைத் தன் சீட்டில் உட்கார வைத்தார். வத்தலக்குண்டு வரை அவர் நின்றுகொண்டே போனார்.

சகாயராணி மலைமேல் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவள். எழுபத்தேழு ஜூன் முடிவதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். திண்டுக்கல்லில் தங்கை மகள் வீட்டில் ஒரு மூலை கிடைத்திருக்கிறது. 'ரெண்டு டிரங்குப் பெட்டிக்கு மேல் வேண்டாம் பெரியம்மா, இடமில்லை' என்று கடிதமும் வந்துவிட்டது. அலமாரி, தையல் மெஷின், சாப்பாட்டு மேஜை எல்லாம் விலை போய்விட்டன. இரண்டு நாற்காலிகள் தவிர மிச்சமிருந்தது, ஊருக்குத் திரும்பிய அமெரிக்க மிஸ் ஒருத்தி விட்டுப்போன ரிக்கார்டு பிளேயர். நூற்றைம்பது ரூபாய் என்று சீட்டு எழுதிக் கடைவீதியில் ஒட்டினாள்.

வந்தது ஒரே ஒருவர். பெயர் சேனாதிபதி. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை. கதவைத் தட்டியதற்கே மன்னிப்புக் கேட்டார். அறுபது வயதிருக்கும். பழைய கம்பளிக் கோட்டு. கக்கத்தில், துண்டில் சுற்றிய ஒரே ஒரு நாதஸ்வர இசைத்தட்டு.

"செகண்டு பெட்டிதாம்மா வேணும். ஆனா சுத்தமாப் பாடணும். கையில அறுபதுதான் இருக்கு."

"நூத்தம்பதுன்னு எழுதியிருக்கேனே."

"பாத்தேன். மொதல்ல எப்படிப் பாடுதுன்னு கேட்டுருவோம்."

"தட்டு மட்டும் வாங்கி வச்சிருக்கீங்களா?"

"சந்தையில எட்டணாவுக்குக் கெடச்சுச்சு. பெட்டி எட்டணாவுக்குக் கெடைக்கல."

தட்டு சுழன்றது. சேனாதிபதி நாற்காலி நுனியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கத்தையும் போடச் சொன்னார். காப்பி ஆறிப்போனது. எல்லாம் முடிந்த பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"இழுக்குதும்மா."

"என்ன இழுக்குது?"

"கல்யாண ஊர்வலமாக் கெளம்புது. போகப்போக வேற ஊர்வலமா ஆயிருது."

அவர் சொன்னது சரிதான். அமெரிக்காவுக்கென்று செய்த மோட்டார் இங்கே மெதுவாகத்தான் சுற்றும் என்று பரமானந்தம் சொல்லியனுப்பினார். அதற்காகத்தான் அந்த மழை ஓட்டம். மோட்டார்த் தண்டில் டேப் சுற்றி, இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை காலை பஸ்ஸில் பெட்டியை அனுப்பிவைத்தார்.

சேனாதிபதி வந்தார். இரண்டு பக்கமும் கேட்டார்.

"இப்ப ஓடுதும்மா."

"மோட்டாரா?"

"வித்வான். மூச்சு விடவே நேரமில்ல அவருக்கு. பாவமா இருக்கு."

பெட்டி மறுபடி வத்தலக்குண்டு போனது. டேப்பில் பாதி உரிக்கப்பட்டது. வேகம் சரியாகிவிட்டது, ஆனால் மலைப்பாதை வளைவுகளில் ஆடி ஆடி ஊசி மழுங்கிவிட்டது.

"ஸ்ஸ்னு ஒரு சத்தம் கேக்குது," என்றார் அடுத்த சனிக்கிழமை. "தோசை சுடுற மாதிரி."

மதுரையிலிருந்து புது ஊசி வந்தது. புது ஊசி அத்தனையையும் துல்லியமாகப் பிடித்ததில், அதுவரை கேட்காத ஒன்றும் கேட்டது.

"அடியில ஒரு வண்டு கத்துதும்மா," என்றார் சேனாதிபதி வருத்தத்தோடு.

எர்த் இல்லை, ஒரு கம்பியை ஈர மண்ணில் புதைத்தால் போதும் என்றார் பரமானந்தம். சகாயராணி ஜன்னல் வழியாகக் கம்பியை விட்டு ரோஜாப் பாத்தியில் புதைத்தாள். வண்டு அடங்கியது. ஆனால் மறுநாள் காலை பால்காரி கந்தம்மாள் அந்தக் கம்பியில் தடுக்கி, ரெண்டு லிட்டர் பாலை ரோஜாவுக்கு ஊற்றினாள்.

"ஏன் மேட்ரம்மா, பெட்டிய விக்கிறீகளா, வளக்குறீகளா?"

"சரி பண்ணாம எப்படி விக்கிறது?"

"சரி பண்ண காசுக்குப் புதுசே வந்திருக்கும். அந்த ஆளுக்கு நாலு சனியாக் காப்பி. இப்ப பன்னு வேற சுடுறீகளாம்."

"வாடிக்கையாளர், கந்தம்மா."

"வாங்குனாத்தான் வாடிக்கை. வாங்காம வந்துட்டுப் போனா அதுக்குப் பேரு விருந்தாளி."

சகாயராணி பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எண்பது பிள்ளைகளை மணியடித்து எழுப்பிய பழக்கத்தில் இன்னும் ஐந்து மணிக்கு அவளுக்கு விழிப்பு வந்துவிடுகிறது, எழுப்ப ஆளில்லை. காலியான அறைகளில் செருப்புச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. ஞாயிறு முதல் வெள்ளி வரை அவள் பேசுவது கந்தம்மாளிடம் மட்டும்தான், அதுவும் பாலில் தண்ணீர் அதிகம் என்பதைப் பற்றி. அந்த வாரம் நாற்காலிகள் இரண்டையும் கேட்டு ஒருவர் வந்தார். ஒன்றைக் கொடுத்தாள். மற்றது விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஏன் அப்படிச் சொன்னோம் என்று வெகுநேரம் யோசித்தாள்.

ஜூன் இருபத்தைந்து, சனிக்கிழமை. அவர் நாற்காலியில், அவள் டிரங்குப் பெட்டிமேல். இரண்டு பக்கமும் முடிந்தன. இழுவை இல்லை, ஓட்டமில்லை, தோசை இல்லை, வண்டு இல்லை.

"சொல்லுங்க ஐயா. இன்னிக்கு என்ன குறை?"

சேனாதிபதி பெட்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். "பாட்டுல இல்லம்மா."

"பின்ன?"

"வெல கட்டுபடியாகாதும்மா. அறுபதுக்கு மேல நம்மால ஏலாது."

"சரி, அறுபதுக்கே எடுத்துக்கோங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "இம்புட்டு நல்ல பெட்டிய அறுபதுக்குக் குடுக்கிறீகன்னா, உள்ள என்னமோ கோளாறு இருக்கும்மா. இன்னும் ஒரு சனி கேட்டுப் பாத்துருவோமே."

முப்பத்தொரு வருஷம் ஹாஸ்டலை நடுங்க வைத்த குரல் சகாயராணிக்குத் திரும்ப வந்தது.

"அடுத்த சனி நான் இங்க இருக்க மாட்டேன். புதன்கிழமை காலி பண்றேன். காசே வேண்டாம். பெட்டிய சும்மா எடுத்துட்டுப் போங்க."

சேனாதிபதி எழுந்தார். தட்டைத் துண்டில் சுற்றினார். பாதி தின்ற பன்னைக் காப்பித் தம்ளர் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு அவசரமா ஒரு சோலி கெடக்கும்மா," என்று கும்பிட்டுவிட்டு வெரசாகப் படியிறங்கிப் போய்விட்டார். நாசூக்கில்லாமல் பேசிவிட்டோமோ என்று சகாயராணி ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. சும்மா கொடுப்பதாகச் சொன்னது அவருக்கு அவமானமாகப் பட்டிருக்கும்.

மறுநாள் ஞாயிறு, கோயில் பூசை முடிந்து வரும்போது கந்தம்மாள் வாசலில் நின்றாள்.

"விசாரிச்சுட்டேன் மேட்ரம்மா. உங்க ஆளு வெள்ளகவி."

"வெள்ளகவியா? அங்க பஸ்ஸே போகாதே."

"பஸ்ஸு என்ன, சைக்கிளே போகாது. ஒத்தையடிப் பாதை. சனிக்கிழமையானா விடியமுன்ன கெளம்பி மலையேறி வந்துட்டு, அன்னைக்கே எறங்குறாராம்."

சகாயராணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அமெரிக்கப் பெட்டிக்குக் கரண்டைக் குறைத்துக் கொடுக்க வீட்டிலேயே வைத்திருக்கும் இரும்பு டிரான்ஸ்பார்மரையும் சேர்த்தால் அரை மூட்டை அரிசி கனம். அந்த வயதில் அதை எப்படித் தூக்கிக்கொண்டு இறங்குவார்? சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு வாரமும் ஒரு குறை கண்டுபிடித்திருக்கிறார். பாவம்.

"அவுக ஊர்ல இருந்து சந்தைக்கு யாராவது வந்திருப்பாங்களா?"

"ஞானவேலுன்னு ஒரு ஆளு மலைவாழைத்தாரு வித்துக்கிட்டிருக்கான். நல்லாச் செமை தூக்குவான்."

அரை மணி நேரத்தில் ஞானவேல் வந்துவிட்டான். சகாயராணி பெட்டியையும் டிரான்ஸ்பார்மரையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, போர்வையால் மூடி, கயிறு போட்டுக் கட்டினாள். மீதமிருந்த பன்களையும் ஒரு பொட்டலமாக மேலே வைத்தாள். கூலியை முன்னாலேயே கொடுத்தாள்.

"சேனாதிபதி ஐயா வீட்டுல பத்திரமாச் சேத்துருங்க தம்பி. மேட்ரனம்மா தப்பா ஒண்ணும் நெனைக்கலேன்னு சொல்லுங்க. ஊசி புதுசு, ஆடாமக் கொண்டுபோங்க. இனி அவர் இஷ்டப்பட்ட நேரத்துக்கு வீட்டுலயே கேட்டுக்கலாம்."

ஞானவேல் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு குனிந்தான். கட்டுக்கு வெளியே தொங்கிய ஒயரை இழுத்து, நுனியிலிருந்த பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கொண்டுபோறது ஒண்ணுமில்லங்கம்மா. ஆனா இத அங்க எதுல சொருகுறது? எங்க ஊருக்கு இன்னும் கரண்டே வரலையே."