துவாய்க்குள் ஒரு பாஸ்வேர்ட்

கண்டியில் துவாயைப் போல ஒரு சந்தேகப்பிராணி பிறந்ததும் இல்லை, வந்து குடியேறியதும் இல்லை. ஆள் யாழ்ப்பாணம். சண்டைக் காலத்தில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில், என்னோடு கம்ப்யூட்டர் பாதுகாப்பு படித்தான். பாஸ்வேர்ட் அடிக்கும்போது தலையையும் கீபோர்டையும் சேர்த்துத் துவாயால், அதாவது துண்டால், மூடிக்கொள்வான், ஆவி பிடிப்பவன் மாதிரி; பட்டப்பெயர் அதனால்தான். நேரம் கேட்டால்கூட "எதுக்கு?" என்பான்.

பாஸ்வேர்டை எங்கும் எழுதக்கூடாது என்று சிங்கள மிஸ் முதல் நாளே சொன்னார். நாங்கள் மறந்துவிடுமென்று வரவுப் புத்தகத்தில் அவரவர் பெயருக்கு நேரே எழுதி வைத்தோம். மடையர்கள். அந்தப் புத்தகத்தைப் பார்க்காமலே துவாய் என் பாஸ்வேர்டை மூன்றாம் தடவையில் கண்டுபிடித்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டையைப் பிடித்தேன்.

"ஊரில, ஹேவாஹெட்டவில இருக்கிற உங்கட மனுசியின்ட பேரை நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுறீங்கள் அண்ணை. அதையே வச்சா என்ன பூட்டு?"

பொலிசில் பெயர் பதியாமல் அறையில் தங்கிய தமிழர்களை அள்ளிக்கொண்டு போன வாரம் அது. துவாய் பதிந்தவன்தான். ஆனால் சோதனைச் சாவடியில் அவன் பையில் ஒரு பிளாப்பி அகப்பட்டது. திறந்தால் பாஸ்வேர்ட் கேட்டது. சொன்னால் விடுகிறோம் என்றார்களாம். சொல்லமாட்டேன் என்றானாம். உள்ளே போட்டுவிட்டார்கள்.

நான் பதியாதவன். ஆத்திரத்தில் அதையும் மறந்து பொலிசுக்கு ஓடினேன்.

"சொல்லித் தொலைடா," என்றேன். "மிஸ் சொன்ன பாடமும் மண்ணாங்கட்டியும். அடிச்சே கொன்னுருவானுங்க."

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு பொலிஸ்காரரிடம், தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், இந்த ஆளைத் தான் கண்டதே இல்லை என்றான். நன்றிகெட்ட நாய் என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டே திரும்பினேன்.

மூன்றாம் நாள் மிஸ் போய், பிளாப்பியைப் பூட்டக் கற்பித்ததே தான்தான், அது வகுப்பு வேலை என்று பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தார். வெளியே வந்தான். கன்னம் வீங்கியிருந்தது.

"அப்படி என்னடா இருந்துச்சு அதுல?"

"சேர்டிபிகேட்டுக்கு மிஸ் கேட்ட லிஸ்ட். வகுப்பில இருக்கிற எல்லாற்ற பேரும் அறை விலாசமும். ஆறு பேர் பதியாத ஆக்கள். நீங்களும்தான் அண்ணை."

சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துப் போய் ரொட்டியும் கறியும் வைக்கச் சொன்னேன்.

"எதுக்கு?" என்றான்.

"தின்னுடா," என்றேன். வீங்கிய கன்னத்தால் அவனுக்கு மெல்ல முடியவில்லை. ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கறியில் ஊறவைத்துக் கொடுத்தேன்.